வரத்துக்காலைத் தேடி நடந்த ஆண்டு: வட்டார மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மன்றத்தின் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஊர்தோறும் இருந்து வந்திருக்கும் பிரதிநிதிகளே, தாய்மார்களே, பெரியவர்களே, விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒருநாளை நமக்காக ஒதுக்கியிருக்கும் வெளியூர் உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் நட்ட மரங்கள், நடத்திய முகாம்கள், வந்து போன விருந்தினர்கள் என்று வரிசையாக வாசித்துவிட்டு அமரலாம். இம்முறை அப்படி வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. மன்றம் தன் ஆள்பலத்திலும் பணத்திலும் பெரும்பங்கை இந்த ஆண்டு ஒரே வேலைக்குச் செலவிட்டது. ஊரணிகளுக்கும் கண்மாய்களுக்கும் மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால்களைத் தேடிப் பிடித்துத் திறக்கும் வேலை அது. அறிக்கையிலும் அதற்கே அதிக இடம் தருகிறேன். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரத்துக்கால்கள்

கடந்த ஆண்டுகளில் ஊரணிகளைத் தூர்வாரினோம். இடிந்த படித்துறைகளைச் சீர்செய்தோம். கரைகளில் வேலி போட்டோம். எல்லாம் வேண்டிய வேலைகள்தான். ஆனால் தூர்வாரி முடித்த ஊரணிகளில் சில, ஐப்பசியில் அடைமழை பெய்தபோதும் பாதிகூட நிரம்பவில்லை. மழைக்குக் குறைவில்லை, ஆழத்துக்கும் குறைவில்லை. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் நம் மகளிர் குழுவினர். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த ஆண்டின் வேலை தொடங்கியது.

செட்டிநாட்டில் பெரிய ஆறு ஏதும் வற்றாமல் ஓடுவதில்லை. தேனாறும் விருசுழியும் மணிமுத்தாறும் மழை பெய்தால் ஓடும், நின்றால் மணலாகிவிடும். நம் சிவகங்கை மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த வாரங்களில் பிடிக்காத தண்ணீர் பிறகு கிடைக்காது. இதை முழுதாக உணர்ந்தவர்கள்தான் இந்த ஊர்களை அமைத்தார்கள். வீட்டின் ஓட்டுக்கூரை நாற்புறமும் உள்நோக்கிச் சரிந்து மழையை வளவு என்னும் நடுமுற்றத்துக்குள் இறக்கும். வளவின் மூலைகளில் வைத்த அண்டாக்களும் தொட்டிகளும் நிரம்பியதும், மிஞ்சியது கல் வாய்க்கால் வழியாகக் கிணற்றுக்கோ தெருவுக்கோ போகும். தெருவின் ஓரத்து வடிகால் அதை ஊரணிக்குக் கொண்டு சேர்க்கும். ஊரணி நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த ஊரணிக்கு, அங்கிருந்து கண்மாய்க்கு. கண்மாய் நிரம்பினால் மிகுதி நீர் வெளியேறும் கழுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்கு. கூரையில் விழுந்த துளி வயலில் போய் முடியும்வரை எங்கும் ஒரு பம்புசெட்டும் தேவைப்படவில்லை. மண்ணின் சரிவு மட்டுமே அத்தனை வேலையையும் செய்தது.

இதன் அளவை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற நம் பெரிய வீடுகளில் ஒன்றுக்கு 1,000 சதுர மீட்டர் கூரை என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 9 லட்சம் லிட்டர் அந்த ஒரு கூரையில் மட்டும் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 75 லாரி. ஓட்டில் உறிஞ்சியதும் ஆவியானதும் போக மிஞ்சுவதே ஒரு வீட்டுக்கு ஏராளம். ஒரு தெருவையே எண்ணிப் பாருங்கள். மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டு வந்தது 2003-இல். நம் முன்னோர்கள் சட்டம் இல்லாமலேயே அதைக் கட்டிடத்துக்குள் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்க, கோடையில் ஊர்ப் பெரியவர்களையும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு வரத்துக்கால்களின் வழியே நடந்தோம். பல ஆண்டுகள் நீர்ப்பாய்ச்சியாக, அதாவது மடையைத் திறந்து மூடித் தண்ணீரைப் பாய்ச்சுபவராக, இருந்த பெரியவர் ஒருவர் நம்மோடு வந்தார். அவர் கையில் வரைபடம் இல்லை. எங்கள் கையில் கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து வாங்கிய புலப்பட நகல் இருந்தது. புலப்படத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று காட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முள்ளும் மேடும்தான். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சற்றுத் தள்ளிப் போய், வறண்ட பொட்டலின் நடுவே ஒரு கோடாகக் காய்ந்து நின்ற கோரையைக் காட்டினார். ஈரம் தங்குகிற இடத்தில்தான் கோரை நிற்கும், கோரை போகிற பாதையிலேயே வரத்துக்கால் போகும் என்றார். இளைஞர்கள் அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டார்கள். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி கல்லில் மோதியது. துடைத்துப் பார்த்தால், செம்புறாங்கல்லில் அழகாகச் செதுக்கி அடுக்கிய கால்வாய்க் கரை. கல்லின் ஓட்டைகளில் பழைய வண்டல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த கல்லூரி மாணவர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் சேர்க்க நான் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அடைபட்ட இடங்களில் கண்டவற்றைச் சொல்கிறேன். முதல் காரணம் சாலை. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டுப் போட்டு, தெரு வாசற்படிக்குச் சமமாக உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் தெருவை நோக்கி இறங்கிய தண்ணீர் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறது. வடிகாலின் வாய் சாலைக்குக் கீழே புதைந்துவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று மாநிலத் தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தியிருக்கிறார். அந்த அறிவுறுத்தலின் நகலை எடுத்துப் போய், சாலைப் பணி தொடங்கும் முன்பே ஒப்பந்தக்காரரிடமும் பொறியாளரிடமும் காட்டுவதை நம் ஊர்க்குழுக்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

இரண்டாவது காரணம் சாலையைக் கடக்கும் குழாய்ப் பாலங்கள். அகலமான கால்வாய்க்கு ஒற்றைக் குழாயைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குழாயிலும் பாதிக்குமேல் பாலிதீன் பையும் தேங்காய் மட்டையும் பழைய செருப்பும் அடைத்திருந்தன. ஓரிடத்தில் குழாயே கால்வாய்த் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஒரு சாண் இறக்கிவிட்டால் போதும் தம்பி, மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்” என்றார். அந்த ஒரு சாணுக்காக நாம் எழுதிய மனுக்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

மூன்றாவது காரணம் ஆக்கிரமிப்பு. இதில் நான் கவனமாகப் பேச விரும்புகிறேன். கால்வாய் என்றே தெரியாமல் மனை வாங்கிச் சுவர் எழுப்பியவர்களும் உண்டு. தெரிந்தே மண்ணடித்தவர்களும் உண்டு. இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னவர்களோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, புலப்படத்தை விரித்துவைத்துப் பேசினோம். ஒருவர் தம் சுற்றுச்சுவரின் அடியில் தண்ணீர் போக வழிவிட்டுத் தாமே செலவு செய்து கட்டிக்கொடுத்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. மன்றத்தின் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன். பின்னவர்களைப் பொறுத்தவரை மனு நிலுவையில் இருக்கிறது, தொடர்கிறோம்.

மனு கொடுப்பதிலும் ஒரு சிக்கலைப் புரிந்துகொண்டோம். உறுப்பினர்கள் அனைவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊரணி ஊராட்சிக்கு உரியது. நடுவே குறுக்கிடும் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கோ ஒன்றியத்துக்கோ உரியது. நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்ல வேண்டியது வருவாய்த்துறை. ஒரே வரத்துக்கால் ஒரு மைல் தூரத்துக்குள் இத்தனை கைகளைக் கடக்கிறது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் இருந்த ஏரி, கண்மாய்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ஊரணிக்கு வரும் சிறு கால்களுக்காகப் பேச ஊர்தான் முன்வர வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே மனுவை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பும் பழக்கத்தை விட்டோம். கால்வாயைத் துண்டு துண்டாகப் பிரித்து, புல எண் போட்டு, எந்தத் துண்டு யார் பொறுப்போ அவருக்கு மட்டும் மனு எழுதினோம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இப்படிக் கொடுத்த மனுக்களுக்குத்தான் நில அளவையர் நேரில் வந்தார். மேலே சொன்ன குழாய்ப் பாலமும் அந்த வழியில்தான் இறக்கிப் பதிக்கப்பட்டது.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, திறந்துவிட்ட கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று விடியற்காலையில் தகவல் வந்தது. ஊரே போய்ப் பார்த்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில், நுரையும் சருகும் சாணமும் சுமந்துகொண்டு வந்தது. இளைஞர்கள் மகிழ்ச்சியில் மடைப்பலகையைத் தூக்கப் போனார்கள். நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். முதல் தண்ணீர் ஊர் அழுக்கைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர், அது நல்ல தண்ணீர் ஊரணிக்குள் போகக்கூடாது, கண்மாய்க்குத் திருப்பிவிடுங்கள், வயலுக்கு உரமாகட்டும் என்றார். அப்படியே திருப்பினோம். அடுத்த மழையில் தண்ணீர் தெளிந்த பிறகே பலகையைத் தூக்கச் சொன்னார். குடிநீர் ஊரணியில் குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது, காலைக் கழுவிவிட்டே இறங்க வேண்டும் என்று நாம் எல்லோரும் அறிந்த கட்டுப்பாடுகளுக்கு முன்னால், இப்படி ஒரு கட்டுப்பாடு மடையிலேயே இருந்திருக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரத் தொடங்கிய பின் இந்த அறிவு கைமாறாமல் நின்றுவிட்டது. அவர் சொன்னவற்றையெல்லாம் ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் எடுத்து வைத்திருக்கிறோம். மற்ற ஊர்களிலும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இருந்தால் உடனே தகவல் கொடுங்கள். இது தள்ளிப்போடக்கூடிய வேலை இல்லை.

வரத்துக்கால் திறந்த ஊரணிகள் கார்த்திகைக்குள் நிரம்பின. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் நீர் ஏறியதை வீட்டுக்காரர்களே வந்து சொன்னார்கள். இன்னும் திறக்காத கால்கள் பல. சாக்கோட்டை, கல்லல் பக்கத்து ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது.

சீமைக்கருவேலமும் நாட்டு மரங்களும்

கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டபோது ஊரெங்கும் வேகமாக வெட்டினார்கள். வெட்டியது மறுமழைக்கே துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியானது. தூரோடு தோண்டி எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினால் அது சாகாது. 2022-இல் மாநில அரசு அயல் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டபோது, அகற்றுவதோடு நிறுத்தாமல் அந்த இடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் சேர்த்தே பேசியது. நாம் அந்த வழியில் போனோம். வெட்டவெளியாக விட்டால் அதே விதை மறுபடி முளைக்கும். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு போட்டுவிட்டுப் போகும். ஆகவே தூர் எடுத்த கரைகளில் உடனே புங்கன், நாவல், மருதம், இலுப்பை வைத்தோம். வெளிக்கரையில் பனை விதை ஊன்றினோம்.

சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் இந்த வேலையைச் செய்வதில்லை என்று மன்றம் முதலிலேயே முடிவு செய்தது. எந்தத் துண்டை எப்போது எடுப்பது என்று அவர்களோடு பேசி, வெட்டும் உரிமைக்கான அனுமதி முறைகளையும் பார்த்து, தூர் தோண்டும் கூலியையும் அவர்களுக்கே கொடுத்தோம். இயந்திரம் கொண்டு வந்தால் ஒரே நாளில் முடியும் என்று சொன்னவர்கள் உண்டு. முடிந்திருக்கும். ஆனால் கரை பழுதாகியிருக்கும், கூலி வெளியூர் போயிருக்கும்.

பனையைப் பற்றி ஒரு சொல். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இலேயே அரசு அறிவித்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் பின்னும் கொட்டான் கூடைக்கு ஓலை வேண்டும், அதற்குக் குருத்தோலை வெட்டத் தெரிந்த ஆள் வேண்டும். இளைஞர்கள் இருவர் மரம் ஏறக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் காப்பீடு எடுத்துக்கொடுக்கச் செயற்குழு ஒப்புதல் அளித்துள்ளது.

ஐயனார் கோயில் காடுகளில் இந்த ஆண்டு எதையும் நடவில்லை. வீரையும் பாலையும் காரையும் தாமாக வளர்ந்து நிற்கிற இடத்தில் நாம் கன்று கொண்டு போய் வைப்பது தேவையற்றது. ஐயனாருக்கு மண் குதிரைகளைச் சுமந்து செல்லும் புரவி எடுப்பின்போது பிளாஸ்டிக் மாலைகளையும் தெர்மாகோல் அலங்காரத்தையும் காட்டுக்குள் விடாமல் பார்த்துக்கொண்டோம். அதற்குக் கோயில் பூசாரியும் மண் குதிரை செய்யும் வேளார் குடும்பத்தாரும் தந்த ஒத்துழைப்பு பெரிது. கண்மாய் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று 2024-இல் விதி தளர்ந்ததால், மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தோம்.

விசேஷ வீடுகளில் டம்ளர்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் நம் குழாய்ப் பாலங்களில் அடைத்திருந்தவற்றில் பெரும்பகுதி கடைப் பைகள் இல்லை, விசேஷ வீட்டுக் குப்பைதான். தண்ணீர் பாட்டில், காகிதக் கப், ஐஸ்கிரீம் கப். பந்தியில் வாழையிலை போடுவதில் நமக்கு ஈடில்லை. இலைக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீர்தான் பாட்டிலாகிவிட்டது.

மகளிர் குழு இதற்கு வழி கண்டது. ஊருக்குப் பொதுவாக எவர்சில்வர் டம்ளர்களும் குடங்களும் சேர்த்துவைத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோர் படைப்பு, புதுமனை எதுவானாலும் வாடகையின்றிக் கொடுப்பது; கழுவித் தருவதற்கு மட்டும் கூலி வாங்குவது. டம்ளர் வாங்கப் பணம் திரட்டத் தொடங்கியபோது ஒரு ஆச்சி எங்களை வீட்டுக்கு அழைத்து, இரட்டைப் பூட்டுப் போட்ட சாமான் அறையைத் திறந்துவிட்டார்கள். தம் கல்யாணத்துக்கு வந்த சீர்ச் சாமான்கள், பேர் வெட்டியபடியே, பெட்டி பெட்டியாக இருந்தன. “பூட்டி வைத்து நான் என்ன காணப் போகிறேன், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கட்டும்” என்றார்கள். ஆச்சி கொடுத்ததைப் பார்த்து மற்ற வீடுகளும் கொடுத்தன. ஒவ்வொரு டம்ளரிலும் ஒவ்வொரு வீட்டின் எழுத்து இருப்பதால், பந்தியில் பெரியவர்கள் டம்ளரைத் திருப்பிப் பார்த்து இது யார் வீட்டுச் சாமான் என்று விசாரிக்கிறார்கள். சமையல்காரர்களும் இப்போது நம் டம்ளர்களைக் கேட்டே வாங்குகிறார்கள். ஐஸ்கிரீம் கப்புக்குத்தான் இன்னும் தீர்வு கிடைக்கவில்லை.

பிள்ளைகள்

மார்கழியில் பள்ளிப் பிள்ளைகளை வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் சென்றோம். திருப்பத்தூர் பக்கத்தில், கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களும் வேட்டங்குடிப்பட்டிக் கண்மாயும் சேர்ந்த சிறிய சரணாலயம் அது. பரப்பு 38.4 ஹெக்டேர், 1977-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் பறவைகளைக் காத்தது அந்த அறிவிப்புக்கு வெகு முன்பிருந்தே அங்கே வாழும் மக்கள். பறவைகள் மிரளக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நம் பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. ஒரு பையன் அங்கிருந்த அப்பத்தாவிடம், வெடி இல்லாமல் எப்படி அப்பத்தா தீபாவளி என்று கேட்டே விட்டான். பலகாரம் இருக்கிறது, புதுத்துணி இருக்கிறது, குஞ்சு பொரித்திருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

கண்மாய்க்குள் நிற்கும் மரங்கள் முழுக்க நத்தை குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும். எச்சம் விழுந்து விழுந்து இலையெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல் இருந்தது. அந்த எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரச்செலவு குறைகிறது என்று அங்குள்ள விவசாயிகள் சொன்னதைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் நம் கண்மாய்களுக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு குழு தானாகவே அமைந்துவிட்டது. இருநோக்கி வாங்கித் தருமாறு கேட்டிருக்கிறார்கள். வாங்கித் தருவோம்.

மாலை நேரப் படிப்பகம் தொடர்ந்து நடக்கிறது. கண் சிகிச்சை முகாமும் பொது மருத்துவ முகாமும் வழக்கம்போல் நடந்தன. உதவிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி.

பூட்டிய வீடுகள், கழிவுநீர்

கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். திறந்துவிட்ட வரத்துக்கால்களுக்கு இன்றைக்குப் பெரிய எதிரி கழிவுநீர். மழைநீர் போகக் கட்டிய கல் வடிகாலில் குளியலறைத் தண்ணீரையும், சில இடங்களில் கழிவறைத் தொட்டியின் மறுகாலையும் இணைத்துவிட்டார்கள். அது நேராக ஊரணியில் போய்ச் சேர்கிறது. தண்ணீர் பச்சைக் குழம்பாகி ஆகாயத்தாமரை மூடுகிறது. சில ஊரணிகளுக்கு நாம் வேண்டுமென்றே காலைத் திறக்காமல் வைத்திருப்பதும் இதனால்தான். ஊரணியைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. மன்றத்தின் உறுப்பினர் வீடாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. குளியல், சமையல் தண்ணீரை வீட்டின் பின்கட்டிலேயே உறிஞ்சுகுழியில் விடவும், வாழையும் சேம்பும் வைத்து அங்கேயே செலவழிக்கவும் வழி இருக்கிறது. செய்து காட்டிய வீடுகளும் இருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

பூட்டியிருக்கும் வீடுகள் இன்னொரு கவலை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை பர்மாத் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் மட்டும் உரியதில்லை. கூரையிலிருந்து கண்மாய் வரை போகிற தண்ணீர்ப் பாதையும் அதில் அடக்கம். ஒரு வீடு இடிந்து தூணும் கதவும் விலைக்குப் போகும்போது, தெருவின் தண்ணீர்ப் பாதையில் ஒரு துண்டும் போய்விடுகிறது. அந்த மனையில் கொட்டும் இடிபாட்டு மண் வடிகாலை அடைத்துவிடுகிறது. பங்காளிகள் பலர் உள்ள வீட்டில் ஒரு முடிவு எடுப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். பெரிய பழுதுபார்ப்புக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஆனால் ஓட்டு வாரிக்காலில் அடைத்த சருகை எடுக்கவும், வளவுத் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பவும் பங்குப் பிரிவினை தேவையில்லை. சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உரிமையாளர்களுக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினோம். பதில் எழுதி, வீட்டுச் சாவியையும் பொறுப்பான ஆளையும் காட்டியவர்களின் வீடுகளில் ஆவணியிலேயே கூரை சுத்தம் செய்து முடித்துவிட்டோம். பதில் வராத வீடுகளுக்கு மறுபடி எழுதுவோம்.

காரைக்குடியைச் சுற்றி

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானதும், கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் போன்ற சுற்றுப்புற ஊர்கள் அதற்குள் வந்தன. வசதிகள் வரலாம், வரட்டும். ஆனால் நகரப் பகுதியில் நூறு நாள் வேலை இல்லை. கால்வாய் வெட்டவும் ஊரணி சுத்தம் செய்யவும் அந்தத் திட்டம்தான் இத்தனை ஆண்டுகளாகக் கை கொடுத்தது. அந்தக் கூலியை நம்பியிருந்த பெண்களின் நிலையையும், ஊரணிகளின் பராமரிப்பை இனி யார் ஏற்பது என்பதையும் சேர்த்தே மாநகராட்சியிடம் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். மனை விலை ஏறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் வாய்க்கால் புறம்போக்குகளுக்கு எல்லைக்கல் நடுவது அவசரம். காரைக்குடிக்கே தாகம் தீர்த்து வந்திருக்கும் சம்பை ஊற்றின் சுவையைப் பற்றிப் பேசாத காரைக்குடிக்காரர் இல்லை. அந்த ஊற்று தொடர்ந்து ஊற, சுற்றிலும் மழைநீர் இறங்க மண் வேண்டும். எல்லாவற்றையும் சிமெண்டுத் தளமாக்கிவிட்டு ஊற்றைப் புகழ்வதில் பயனில்லை.

திட்டமிடுதலில் நமக்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். குன்றக்குடி அடிகளார் 1970-களில் குன்றக்குடியில் கிராமத் திட்டக்குழு அமைத்து, ஊரின் வளம் என்ன, தேவை என்ன என்று ஊர்க்காரர்களையே உட்கார்த்தி எழுதவைத்தார். நம் வரத்துக்கால் பதிவேட்டையும் அப்படித்தான் ஊர்க்காரர்கள் கையால் எழுத வேண்டும் என்று கருதுகிறேன்.

இவ்வாண்டு மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள் சிலரை இழந்தோம். அவர்களின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல். கூட்டம் முடியுமுன் மௌனம் அனுசரிப்போம். கோடை வெயிலில் கூலி கேளாமல் மண் சுமந்த இளைஞர்களுக்கும், கரையிலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மகளிருக்கும், நேரில் வந்து அளந்து கொடுத்த நில அளவையருக்கும், நமக்காகச் சலிக்காமல் நடந்த நீர்ப்பாய்ச்சிப் பெரியவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக வைப்பவை வருமாறு. ஒவ்வொரு ஊருக்கும் வரத்துக்கால் பதிவேடு ஒன்று தொடங்கி, புல எண், பொறுப்பான துறை, அடைப்பு இருக்கும் இடம் ஆகியவற்றைப் புகைப்படத்தோடு எழுதிவைத்து ஆடி பிறக்கும் முன் செயற்குழுவிடம் தர வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் நீர்ப்பாய்ச்சிப் பொறுப்புக்கு ஓர் இளைஞரையும் ஒரு பெண்ணையும் நியமித்து, மழைக்காலம் முடியும்வரை மன்ற நிதியிலிருந்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்காகச் சந்தாவை உயர்த்தும் பரிந்துரையைப் பொருளாளர் தம் அறிக்கையில் விளக்குவார். கழிவுநீரை வடிகாலில் விடும் வீடுகளோடு பேசுவதற்குப் பெரியவர்களும் மகளிரும் அடங்கிய ஒரு குழுவை இன்றே, இந்தக் கூட்டத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவில் சேர விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்